நகராத வெள்ளைக் கோடு

சென்ற வருடம் மே மாதம், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. இடம் நெய்வேலி டவுன்ஷிப். சரியாகச் சொல்வதென்றால் பாதி எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நடந்தது, மீதி பண்ருட்டி சாலையில் ஒரு பலாப்பழக் குவியலுக்குப் பக்கத்தில் நடந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் தேனிப் பக்கம். மைன்ஸில் வேலை கிடைத்து இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. நிலக்கரியைச் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட்டுகளைப் பராமரிக்கும் பிரிவில் இருக்கிறேன். கணவர் பள்ளி ஆசிரியர். எங்கள் வீட்டில் ஸ்பானர் பிடிப்பது நான், சாம்பார் வைப்பது அவர். இரண்டுமே நன்றாக நடக்கிறது. எனக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஒரு இயந்திரத்திலிருந்து காரணம் தெரியாத சத்தம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டு மிக்ஸி வழக்கத்துக்கு மாறாகக் கத்தினால்கூடப் போய்க் கதவைத் தட்டிவிடுவேன்.

என் தம்பி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகும்போது தன்னுடைய பழைய ஜீப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு பண்ருட்டிப் பக்கம் ஒரு தோழியின் முந்திரித் தோப்புக்குப் போவோம். தார்ச்சாலையிலிருந்து இறங்கினால் தோப்பு வரைக்கும் செம்மண் பாதை. டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. ஒவ்வொரு முறையும் ஜீப்பின் அடிவயிறு அந்த மேட்டில் உரசிக்கொண்டே போகும். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. தோன்றிய பிறகு விடுவேனா?

ஒரு மாதம் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். "நீ பேசாம இந்த ஜீப்பையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்றார் கணவர். வண்டியை உயர்த்த உயரமான ஸ்பிரிங் போட வேண்டும். ஸ்பிரிங் உயர்ந்தால் வண்டி தூக்கித் தூக்கிப் போடாமல் அடக்கும் ஷாக் அப்சார்பரும் நீளமாக வேண்டும். இது தவிர, முன்சக்கரங்களுக்கு இடையில் குறுக்கே ஒரு கம்பி ஓடும். ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அந்தக் கம்பியின் இரண்டு முனைகளையும் சக்கரப் பக்கத்தோடு இணைப்பதற்கு ஒரு சாண் நீளத்தில் இரண்டு குட்டித் தண்டுகள் இருக்கும். அவற்றுக்கு லிங்க் என்று பெயர். இந்தக் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி என்னுடைய பெருமையைச் சொல்ல வேண்டும். எங்கள் மைன்ஸில் ஒரு ஒழுங்கு உண்டு. மண் வெட்டுகிற ராட்சத இயந்திரமானாலும் சரி, பெல்ட்டைத் தாங்குகிற சட்டமானாலும் சரி, அளப்பதற்கு முன்னால் அது சமமாக நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். லெவல் பார்க்காமல் டேப்பை நீட்டினால் அந்த அளவை யாரும் சீண்ட மாட்டார்கள். பதினெட்டு வருடத்தில் இது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. ஆகவே குவார்ட்டர்ஸ் வாசலில் சிமென்ட் தளத்தில் ஜீப்பை நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, நான்கு சக்கரத்திலும் காற்றைச் சரிசெய்து, பிறகுதான் அளந்தேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். யார் கேட்டார்கள் என்று கேட்காதீர்கள், பழக்கம்.

அந்த உயரத்துக்கு இரண்டு அளவு ஷாக் அப்சார்பர் பொருந்தும் என்று தெரிந்தது. நீளமானதையே வரவழைத்தேன். தோசை கொஞ்சம் பெரிதாக இருந்தால் யார் வேண்டாம் என்பார்கள் என்ற நினைப்பு. லிங்க்கையும் அளந்தேன். வண்டி உயர்ந்த பிறகும் பழையதே எட்டும் என்று கணக்குச் சொன்னது. எட்டினால் போதாதா? பழையதையே விட்டுவிட்டேன்.

வேலையை வடலூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். முன்பு மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்டில் இருந்தவர். எத்தனை வருடமானாலும் பெர்மனன்ட் ஆகப்போவதில்லை என்று தெரிந்ததும் வெளியே வந்து சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டவர். டவுன்ஷிப் ஆட்களுக்கு அவரை ஏற்கெனவே தெரியும் என்பதால் அவரிடம் வரும் வண்டிகளில் முக்கால்வாசி எங்கள் வண்டிகள்தான். அதை நம்பித்தான் அவர் குடும்பம்.

பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், எல்லாம் நீட்டமாயிடுச்சு. இந்தக் குட்டிக் கம்பி மட்டும் பழசே போதுமாங்க?"

நான் நோட்டைத் திறந்து காட்டினேன். "அளந்துட்டேங்க. கரெக்டா உக்காரும்."

அவர் நோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். "மைன்ஸ்ல அளந்தா அதுக்கு அப்பீல் கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டு பழைய லிங்க்கையே மாட்டினார்.

ஜீப் கம்பீரமாக நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் புறப்பட்டோம். தார்ச்சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. செம்மண் பாதைக்குள் இறங்க சாலையின் ஓரத்தில் ஒரு பள்ளத்தைக் கடக்க வேண்டும். இடது முன்சக்கரம் முதலில் இறங்கும். இறங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். மூன்று விநாடி கழித்து இன்னொரு 'டக்'. அதன் பிறகு ஒன்றுமில்லை.

எனக்குக் காது விறைத்துவிட்டது. மறுபடி பின்னால் எடுத்து இறக்கினேன். டக்... டக். நேராக இறக்கினால் வரவில்லை. குறுக்காக இறக்கினால் வந்தது. வேகமாகப் போனால் ஒன்று, மெதுவாகப் போனால் இரண்டு. எனக்குள் ஆர்வம் பற்றிக்கொண்டது. ஜாக்கி, டூல் பாக்ஸ், தண்ணீர் கேன், தம்பியின் பிள்ளைகள் விட்டுப்போன பந்து என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். "என்னையும் எறக்கிவிட்டுப் பாரேன்" என்றார் கணவர் நக்கலாக. இறக்கிவிட்டேன். வெயிலில் அவர் நிற்க, நான் ஓட்டினேன். டக்... டக். அவர்மேல் தப்பில்லை என்று தெரிந்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் வடலூருக்குப் போனேன். மெக்கானிக் வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்தி, கீழே இறங்கி, எல்லா போல்ட்டையும் பார்த்தார். எதுவும் லூஸாக இல்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் இன்னொரு சுற்று முறுக்கினார். அப்போது நான் மைன்ஸில் செய்கிற ஒன்றைச் செய்யச் சொன்னேன். போல்ட்டை முறுக்கிய பிறகு போல்ட் தலையையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட வேண்டும். போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு முறிந்துவிடும். அவருக்கும் அந்த முறை தெரியும். அழகாகப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு. டக்... டக். மறுநாள் குழிக்கு மேல் நிறுத்திப் பார்த்தோம். ஒரு கோடுகூட முறியவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் சத்தம் வந்தது. கோடு நகரவில்லை.

யோசிக்கத் தெரிந்த ஒருவர் இந்த இடத்தில் என்ன முடிவுக்கு வந்திருக்க வேண்டும்? போல்ட்டில் கோளாறில்லை, வேறெங்கோ இருக்கிறது என்றுதானே? நான் அப்படி வரவில்லை. என் அளவு தப்பாக இருக்க முடியாது. ரசமட்டம் வைத்து அளந்தது. ஆகவே தப்பு அவருடைய கையில்தான். அப்படியென்றால் கோடு ஏன் முறியவில்லை? நான் குழிக்குள் வருவதற்குள் அவர் முந்தி இறங்கித் தளர்ந்த போல்ட்டை முறுக்கிவிட்டு, பழைய கோட்டைத் துடைத்துப் புதுக் கோடு போட்டிருப்பார். இப்படி ஒரு கதையை நானே கட்டி நானே நம்பினேன். ஒன்றைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று துடிக்கிற புத்திக்குப் பதில் கிடைக்காதபோது, கையில் கிடைத்ததைப் பதிலாக வைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

மனதுக்குள் வைத்திருந்தாலாவது பரவாயில்லை. எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு விஷயம் பரவ வேண்டுமென்றால் ஷிஃப்ட் பஸ்ஸில் சொன்னால் போதும். பக்கத்து வீட்டுக்காரரே உடன் வேலை செய்பவர், அவர் மச்சான் அடுத்த பிளாக்கில், அவர் மனைவி உங்கள் பிள்ளையின் டீச்சர். காலையில் பஸ்ஸில் ஒருவர், "என்ன மேடம், ஜீப்பத் தூக்கிட்டீங்களாமே, எப்படி ஓடுது?" என்று கேட்டார். நான் பொரிந்து தள்ளிவிட்டேன்.

"அதை ஏன் கேக்குறீங்க. போல்ட்டையே ஒழுங்கா முறுக்கத் தெரியல. கேட்டா, கோட்டைத் துடைச்சிட்டுப் புதுசா போட்டு ஏமாத்துறான்."

நேரில் வாங்க, போங்க என்று பேசுகிற மனிதரை பஸ்ஸில் 'ஏமாத்துறான்' என்றேன். சொன்னதும் பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு என்னவோ ஊருக்கு உபகாரம் செய்த திருப்தி.

அது சாயங்காலத்துக்குள் வேலை செய்தது. எங்கள் பிரிவில் ஒருவர், கார் பிரேக் வேலைக்கு அவரிடம் நாள் குறித்திருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அடுத்த பிளாக்கில் இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நான்காம் நாள் மெக்கானிக்கிடமிருந்து எனக்கு போன் வந்தது.

"மேடம், எங்கிட்ட வரேன்னு சொன்னவங்கள்ளாம் வரலீங்க. கேட்டா நீங்க சொன்னதா சொல்றாங்க. அந்தக் கோட்ட நான் திரும்பப் போடலீங்க மேடம். எங்கொழந்த மேல சத்தியமா போடல."

"பார்க்கலாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் குரலில் இருந்த நடுக்கம் எனக்குக் கேட்டது. கேட்டும் அப்படித்தான் சொன்னேன்.

மே மாதக் கடைசியில் தங்கை குடும்பம் தேனியிலிருந்து வருவதாக இருந்தது. எல்லோரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போவதாகத் திட்டம். அதற்கு முந்தின ஞாயிறு, கடைசியாக ஒருமுறை அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வரலாம் என்று கணவரோடு புறப்பட்டேன். அவருக்குச் சத்தத்தில் ஆர்வமில்லை. பலாச்சுளையில் இருந்தது. செம்மண் பாதை பிரிகிற அந்த இடத்திலேயே ஒரு புங்க மரத்தடியில் ஒரு பெண் பலாப்பழம் விற்றுக்கொண்டிருப்பார். என் வயதுதான் இருக்கும். தரையில் ஒரு சாக்கை விரித்து, சுற்றிலும் பழங்களைக் குவித்து, நடுவில் கத்தியும் எண்ணெயுமாக உட்கார்ந்திருப்பார். நான்கு ஞாயிறாக அவரைப் பார்க்கிறேன், நின்றதில்லை.

கணவர் இறங்கிப் பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலப் பள்ளத்தில் ஜீப்பை இறக்கினேன். டக். அந்தப் பெண் கத்தியால் ஜீப்பைக் காட்டி ஏதோ சொல்ல, கணவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன்.

"இன்னாங்கம்மா, அந்தக் கம்பி அப்புடித் திரும்பிக்கினு போவுது, அது பாட்டுக்கு வுட்டுட்டீங்களே" என்றார்.

"எந்தக் கம்பி?"

"சக்கரத்தாண்ட இருக்குதே, குட்டியா. வண்டி பள்ளத்துல எறங்கசொல்ல சக்கரம் கீழ தொங்குது. அந்தக் குட்டிக் கம்பி நீட்டிக்கினு விறைச்சுக்குது. அப்பறம் வண்டி மேல ஏறசொல்ல அந்தாண்டப் பக்கமா மடங்கிக்கினு, பக்கத்துல இருக்கிற கருப்பு டியூப்பப் போயி இடிக்குது. வாரா வாரம் பாக்கறேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க?"

"எங்க சொல்றது? நீங்க கண்ணாடிய ஏத்திக்கினு சர்ருனு போயிடறீங்க. இங்க குந்திக்கினு இருந்தா எல்லா வண்டியோட வயிறும்தான் தெரியும். உங்க வண்டி ஒசரமா வேற இருக்குது. நல்லாவே தெரியுது."

யோசித்துப் பாருங்கள். மூன்று வாரமாக நான் வண்டிக்குள் உட்கார்ந்து காதால் தேடினேன். மெக்கானிக் குழிக்குள் நின்று, வண்டி சமமாக நிற்கும்போது பார்த்தார். ஒரு சக்கரம் மேலேயும் ஒரு சக்கரம் கீழேயுமாக வண்டி நிற்கும் அந்த மூன்று விநாடியில் கீழே என்ன நடக்கிறது என்று பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

நான் அப்படியே செம்மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டேன். கணவரை ஓட்டச் சொன்னேன். அவருக்கு அந்த ஜீப்பை ஓட்டவே பயம். வியர்த்து வழிய, அடிமேல் அடியாக இறக்கினார். நான் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது ஒரு எழுத்து பிசகவில்லை. நான் வாங்கிய ஷாக் அளவுக்கு மீறி நீளம் என்பதால் சக்கரம் பள்ளத்தில் ஆழமாகத் தொங்கியது. அவ்வளவு தூரம் இறங்கிப் போகப் பழைய லிங்க்குக்கு நீளம் இல்லை. இழுபட்டு, குறுக்குக் கம்பியோடு ஒரே நேர்கோடாக விறைத்து நின்றது. அதுதான் முதல் டக். சக்கரம் மறுபடி மேலே வந்தபோது, மடங்க வேண்டிய பக்கம் மடங்காமல் எதிர்ப்பக்கமாகப் புரண்டது. புரண்டு, பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் டியூப்பில் மோதியது. சற்று முன்னே போனதும் பழைய நிலைக்குத் துள்ளித் திரும்பியது. அதுதான் இரண்டாவது டக்.

"கெடச்சிருச்சு!" என்று கத்திவிட்டேன். உடம்பெல்லாம் செம்மண். மைன்ஸில் பெரிய பெரிய கோளாறுகளைக் கண்டுபிடித்தபோதுகூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தார். பிறகு டியூப்பைக் கையால் தடவிப் பார்த்தேன். மேல் ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் நூல் வெளியே தெரிந்தது. இன்னும் சில டக்குகள் போதும். கல்வராயன் மலையிலிருந்து பிள்ளைகளோடு இறங்கும்போது பிரேக்கை மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தப்பு எங்கே என்று அந்த மண்ணிலேயே உட்கார்ந்து யோசித்தேன். என் அளவுகளில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிழையில்லை. அளந்த இடம்தான் பிழை. சமதரையில் நிற்கும்போது எல்லாம் எல்லாவற்றுக்கும் எட்டும். மேடுபள்ளத்தில் ஓடுவதற்கென்றே ஒரு வண்டியை உயர்த்திவிட்டு, அதைச் சமமாக நிறுத்தி அளந்தவள் நான். மைன்ஸில் என்னைக் காப்பாற்றி வந்த பழக்கமே இங்கே காலை வாரிவிட்டது.

கணவர் பலாச்சுளையைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்போ, அந்த மெக்கானிக்?"

அதுவரை எனக்கு அவர் ஞாபகமே வரவில்லை. ஸ்பானரை எடுத்து இரண்டு லிங்க்கையும் கழற்றினேன். அவை இல்லாமல் வண்டி கொஞ்சம் ஆடும், ஆனால் டியூப்பில் இடிக்காது. மாட்டுவண்டி வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் வேலை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக வடலூருக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கொட்டகையில் மூன்று கார்கள் நின்றன. ஒன்று ஜாக்கியில் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. நான் சொன்னதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை, வேலை இருக்கத்தான் செய்கிறது என்று மனது சமாதானம் தேடியது.

"பரவாயில்லையே, வேலை நெறைய இருக்குதே" என்றேன், எங்கே தொடங்குவதென்று தெரியாமல்.

அவர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். முகம் வாடியிருந்தது. "வேலை இல்லீங்க மேடம். இதெல்லாம் பழைய வண்டிங்க. நான் ஏற்கெனவே பண்ணிக் குடுத்தது. போன் பண்ணி நானேதான் வரச்சொன்னேன்."

"எதுக்கு?"

"போல்ட்டு பாக்கத்தாங்க." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்துப் பேசினார். "நீங்க மைன்ஸ்ல எவ்ளோ பெரிய மிசினெல்லாம் பாக்கறவங்க. சும்மா சொல்ல மாட்டீங்கன்னு தோணுச்சு. கோடு நான் போடல, அது எனக்குத் தெரியும். ஆனா போல்ட்ட ஒழுங்கா முறுக்கினேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எத முறுக்கினேன், எத வுட்டேன்னு யோசிச்சிக்கினே இருந்தேன். எந்த வண்டியாவது ரோட்டுல கழண்டுக்கினுதுன்னா? அதான் ஒண்ணொண்ணா கூப்ட்டுப் பாத்துக்கினு இருக்கேன். இது பதினோராவது வண்டிங்க."

"ஏதாவது லூஸா இருந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்லீங்க. அப்பவும் மனசு நம்ப மாட்டேங்குது."

கழற்றிய லிங்க்கைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தேன். டியூப் தேய்ந்த இடத்தை போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். "நீங்க அன்னைக்கே கேட்டீங்க, இது போதுமான்னு. நான்தான் நோட்டைக் காட்டி உங்க வாயை அடைச்சிட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டப்பகலில், வடலூர் ரோட்டோரத்தில், அந்த மூன்று காருக்கும் நடுவில் நின்று அழுதேன்.

அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. கோபிக்கவும் இல்லை. லிங்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப போல்ட்டு சரியாத்தான் இருந்திருக்குது" என்றார். என்னிடம் சொன்னது போலவே இல்லை.

அந்த வாரம் இருவருமாகச் சேர்ந்து ஜீப்பை மறுபடி அளந்தோம். இந்த முறை ரசமட்டம் வீட்டிலேயே இருந்தது. ஒரு சக்கரத்தைக் கட்டைகளின் மேல் ஏற்றி, மறு சக்கரத்தைத் தொங்கவிட்டு அவர் அளந்தார், நான் எழுதினேன். பிறகு பக்கம் மாற்றி அளந்தோம். ஷாக் முழுதாக நீண்டு நிற்கும் இடத்தோடு சக்கரம் நின்றுவிட வேண்டும். அந்த இடத்தில்கூட லிங்க்குக்குக் கொஞ்சம் மடிப்பு மிச்சம் இருக்க வேண்டும். ஷாக் தனி, லிங்க் தனி என்று பார்க்க முடியாது, ஒன்றுக்கொன்று ஜோடி சேர வேண்டும். ஷாக்கைச் சற்றுக் குட்டையாகவும் லிங்க்கைச் சற்று நீளமாகவும் மாற்றினோம். பிரேக் டியூப்பும் புதிதாக, கொஞ்சம் நீளமாகப் போட்டார். மலைப் பயணம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. போனோம், பத்திரமாக வந்தோம்.

ஷிஃப்ட் பஸ்ஸில் சொன்னதை ஷிஃப்ட் பஸ்ஸில்தானே திருப்பிச் சொல்ல வேண்டும்? ஒரு நாள் காலை பஸ் கிளம்பியதும் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தமாகவே சொன்னேன். கோட்டை அவர் துடைக்கவில்லை, தப்பாக அளந்தது நான், அவர் வேலையில் குற்றமே இல்லை என்று. பின் சீட்டிலிருந்து ஒருவர், "ஏன் மேடம், லெவல் பாக்காம அளந்துட்டீங்களா?" என்றார். "லெவல் பார்த்ததுதாங்க தப்பு" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியதுதான். பிரேக் வேலையை ரத்து செய்தவர் மறுவாரமே திரும்பப் போனார். அடுத்த பிளாக்கில் ஒருவர் மட்டும் கடைசிவரை போகவில்லை. "எதுக்கு வம்பு?" என்றாராம். நான் சொன்ன முதல் வார்த்தை அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

பொங்கல் சமயத்தில் ஜீப்புக்கு ஆயில் மாற்ற வடலூர் போனேன். அவர் ஒரு காரின் வேலையை முடித்துச் சாவியை உரியவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். வண்டி கிளம்பி வாசல்வரை போய்விட்டது. திடீரென்று கையைக் காட்டி அதை நிறுத்தினார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து, சற்று முன் முறுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அதன் பிறகுதான் போகச் சொன்னார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இன்னொரு தடவ பாத்துட்டாத்தான் மனசு நிக்குதுங்க" என்று சிரித்தார்.

மே மாதத்துக்கு முன்பு அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இன்றைக்கும் யாருடைய வேலையையாவது குறை சொல்ல நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், வாசல்வரை போன வண்டியை நிறுத்திவிட்டு ஸ்பானரோடு அவர் குனிவதுதான் கண்முன் வருகிறது, அந்தப் பேச்சை அப்படியே விழுங்கிவிடுகிறேன்.